அலமாரியில் கிடக்கும் ஆய்வுத் தரவைப் பட்டறைக்குக் கொண்டுபோவது எப்படி? கொங்கு வட்டாரத்தை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையை அவை நிறைவேற்றவில்லை. நொய்யலில் உப்பு ஏறியதும், ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கு உதவாமல் போனதும் அன்றைக்குத் தெரியவந்த சேதி அல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பே கிணறு கிணறாக அளந்து எழுதியிருந்தார்கள். மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற நிறுவனங்கள் அந்த மாசினால் விவசாயிக்கு வந்த இழப்பைக்கூடக் கணக்கிட்டிருந்தன. சாயமிடும்போது உப்பைக் குறைக்க என்ன வழி என்று ஆய்வுக்கூடங்களில் முனைவர் பட்ட மாணவர்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

அந்த அளவுகள் பட்டறை முதலாளியின் கைக்கு, அவருக்குப் புரியும் வடிவத்தில் போகவே இல்லை. போயிருந்தால் எல்லாம் தடுக்கப்பட்டிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சிக்கல் வரும்போதும் இதே இடைவெளி இருந்தால் அது நம் கல்லூரிகளின் குற்றம். இந்த வழிகாட்டி அந்த இடைவெளியை மூட நினைப்பவர்களுக்காக: கல்லூரியில் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருக்கும் பேராசிரியர், தொழில் சங்கத்தின் செயலர், மாவட்ட நிர்வாகத்தில் தொழில் பக்கத்தைப் பார்ப்பவர். உதாரணங்களைக் கோவை, திருப்பூரிலிருந்து எடுத்திருக்கிறேன். முறை வேறு ஊருக்கும் பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஆய்வுத் தரவு என்றதும் எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எத்தனை காப்புரிமை என்ற பட்டியலைத்தான் பல கல்லூரிகள் எடுத்து நீட்டுகின்றன. தரவரிசைக்கு அது வேண்டியிருக்கலாம். தொழில்காரருக்கு அது எதற்கும் உதவாது. எதை அளந்தார்கள், எந்தக் கருவியில் அளந்தார்கள், எந்த ஊர் மாதிரியை எடுத்தார்கள், என்ன எண் வந்தது, அளந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்ற ஐந்துக்கும் பதில் இருந்தால்தான் அது பயன்படுகிற தரவு.

படி 1: சிக்கலைச் சுருக்குங்கள்

"தொழில்துறையுடன் இணைந்து செயல்படுதல்" என்று கோப்பைத் தொடங்கினால் அது கோப்பாகவே இருந்துவிடும். ஒரு வட்டாரம், ஒரு தொழில், ஒரு சிக்கல் என்று சுருக்குங்கள். "ஜவுளி" என்பது பெரிது, "சாயமிடுதல்" என்பதும் பெரிதுதான். "பருத்தி பின்னலாடைத் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது செலவாகும் உப்பு" என்பது சரியான அளவு (ரியாக்டிவ் என்பது பருத்தி இழையோடு வேதிமுறையில் பிணையும் சாயம்). கோவையில் என்றால் "வார்ப்படத்தில் விழும் ரிஜெக்‌ஷன்", "ஆழ்துளைக் கிணற்று மோட்டாரில் காயில் எரிவது" மாதிரி இருக்கட்டும். பட்டறையில் நின்று சொன்னால் எதிரில் இருப்பவர் தலையாட்ட வேண்டும். அதுதான் சோதனை.

படி 2: உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஆய்வுத் தரவு ஒரே இடத்தில் இருக்காது.

கட்டுரைகளுக்கு ஓப்பன்அலெக்ஸ் போதும். 2022-ல் தொடங்கிய திறந்த தரவுத்தளம் அது. நிறுவனம், ஆசிரியர், தலைப்பு வாரியாக வடிகட்டித் தேடி, முடிவை அட்டவணையாக இறக்கிக்கொள்ளலாம். சந்தா கட்டி வாங்கும் தளங்கள் இல்லாத சின்னக் கல்லூரிகளுக்கு இது பெரிய வரம். கட்டுரையில் எந்த வகை நிறுவனத்தவர் பங்கேற்றார் என்றும் அதில் பிரிக்க முடியும் என்பதால், கம்பெனிக்காரரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைகளைத் தனியே எடுக்கலாம். ஆனால் அந்த எண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். பெரிய கம்பெனிகளுக்குத்தான் அங்கே அடையாள எண் இருக்கும். கோவை கணபதிப் பகுதியில் இருக்கும் ஒரு பட்டறைக்காரர் உங்கள் பேராசிரியரோடு பத்து வருடம் வேலை செய்திருந்தாலும் அந்தத் தளத்தில் ஒரு தடயமும் இருக்காது. சிறு தொழிலோடு நடக்கும் கூட்டுவேலை கட்டுரையாக வெளிவருவது அபூர்வம்.

அடுத்தது ஆய்வேடுகள். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையமான, காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் முழுதாகக் கிடைக்கின்றன. என் கணிப்பில், வட்டாரத் தொழிலுக்கு மிகவும் பயன்படும் புதையல் இதுதான். பன்னாட்டு இதழுக்கு எழுதும்போது ஊர்ப்பெயரும் மாதிரி எடுத்த இடமும் பின்னிணைப்பு அட்டவணைகளும் சுருங்கிவிடும். ஆய்வேட்டில் அவை அப்படியே இருக்கும். முன்னுரையை விட்டுவிட்டு நேராகப் பின்னிணைப்புக்குப் போங்கள்.

காப்புரிமைக்கு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடல் தளமும், லென்ஸ் தளமும் உண்டு. லென்ஸில் ஒரு கட்டுரையை எந்தக் காப்புரிமை மேற்கோள் காட்டியது என்றும் பார்க்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. 2021-ல் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதம் குறைக்கப்பட்டது. நல்ல சலுகைதான். அதோடு தரவரிசைப் போட்டியும் சேர்ந்துகொண்டதால், விண்ணப்பங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மதிப்பிட முடியாத நிலை வந்துவிட்டது. ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள்: காப்புரிமை வழங்கப்பட்டதா? ஆண்டுக் கட்டணம் கட்டி உயிரோடு வைத்திருக்கிறார்களா? காப்புரிமை அலுவலகத்துக்குத் தரும் படிவம் 27-ல் அது நடைமுறையில் பயன்படுவதாகச் சொல்லியிருக்கிறார்களா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அந்த வரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

கடைசியாக, யாரும் ஆய்வுத் தரவு என்று நினைக்காத இரண்டு: பரிசோதனைக் கூடத்தின் பதிவேடும், ஆலோசனைப் பணிக்குப் போட்ட பில்களும். கடந்த ஐந்து ஆண்டுகளில் வெளியிலிருந்து எந்தெந்தப் பட்டறை எதைச் சோதிக்கக் கொண்டுவந்தது என்று அந்த நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். இரும்பின் கடினத்தன்மைச் சோதனைக்கு ஒரே வார்ப்படக்காரர் மாதாமாதம் வந்திருந்தால் அவருக்கு ஒரு தீராத சிக்கல் இருக்கிறது என்று அர்த்தம். அவரிடம் யாரும் போய்க் கேட்டிருக்க மாட்டார்கள். ஆய்வக உதவியாளரை உட்கார வைத்து அந்தப் பதிவேட்டை எக்செல்லில் ஏற்றச் சொல்லுங்கள். அந்த மனிதருக்குப் பேராசிரியரைவிட அதிகம் தெரிந்திருக்கும். அவருக்கும் இந்த வேலையில் பெயரும் பங்கும் கொடுங்கள்.

படி 3: பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள்

தமிழ்நாட்டில் இந்த வேலை தனி. நம் பெயர்களில் தலைப்பெழுத்து ஒரு கட்டுரையில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும், மூன்றாவதில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராகிவிடும். எஸ். செந்தில்குமார், செந்தில்குமார் எஸ்., செந்தில் குமார் சுப்பிரமணியன் மூவரும் ஒரே ஆளாக இருக்கலாம், வேறு வேறு ஆளாகவும் இருக்கலாம். இயந்திரத்தை நம்பினால் இரண்டு பக்கமும் தவறு வரும்.

நிறுவனப் பெயரிலும் அதே கதை. இணைப்புக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் கல்லூரிப் பெயரைப் போடுவார், இன்னொருவர் அண்ணா பல்கலைக்கழகம் என்று மட்டும் போடுவார். கல்லூரியின் கணக்கில் வர வேண்டியது பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஏறிவிடும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஆய்வாளரின் தனி அடையாள எண்ணான ஆர்கிட் எண் வாங்கிக் கொடுங்கள். கல்லூரிக்கு ஆராய்ச்சி நிறுவனங்களின் உலகப் பதிவேட்டில் (ஆர்.ஓ.ஆர்.) அடையாள எண் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் விண்ணப்பியுங்கள். கட்டுரையில் முகவரியை எப்படி எழுத வேண்டும் என்று ஒரே வரியில் சுற்றறிக்கை விடுங்கள். பழைய பட்டியலைத் துறைக்கு ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போனவர்கள் பிறகு தவறான பேராசிரியரைத் தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள்.

படி 4: பட்டறைப் பக்கத்தின் கணக்கு

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுத் தளம் 2020 ஜூலையில் வந்த பிறகு சிறு தொழில்களைத் தொழில் வகைக் குறியீட்டோடு பார்ப்பது எளிதாகிவிட்டது. தேசியத் தொழில் வகைப்பாட்டில் துணிக்கு முடிப்பு வேலை 1313, பின்னலாடை 1430, இரும்பு எஃகு வார்ப்படம் 2431, பம்பு வகையறா 2813. இந்த நான்கு எண்களை வைத்துக்கொண்டு மாவட்டத் தொழில் மையத்தை அணுகினால் பேச்சு நேராக விஷயத்துக்கு வரும்.

ஆனால் பட்டியல் சிக்கலைச் சொல்லாது. அதற்கு நடக்க வேண்டும். கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியா, பம்பு உற்பத்தியாளர்களுக்கு சீமா, திருப்பூரில் ஏற்றுமதியாளர் சங்கம், சாயப்பட்டறைச் சங்கம் என்று அந்தந்த வாசல் உண்டு. சங்கம் மூலமாகப் போங்கள். பட்டறைக்குள் போனதும் "உங்கள் ஆராய்ச்சித் தேவை என்ன?" என்று கேட்டால் "ஒன்றுமில்லைங்க சார்" என்றுதான் பதில் வரும். "போன மாசம் எத்தனை லாட் திரும்பி வந்தது? ஏன்?" என்று கேளுங்கள். அப்புறம் அரை மணி நேரம் நீங்கள் பேச வேண்டியிருக்காது.

அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "லாட்டுக்கு லாட்டு ஷேட் மாறுது" என்பார். ஆய்வேட்டில் அது சாயம் ஏறும் வீதம், உப்புச் செறிவு, கார அளவு என்று மூன்று அத்தியாயமாகக் கிடக்கும். இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிய ஒரு பட்டியல் உங்களிடம் இருந்தால் தேடல் சுலபமாகிவிடும்.

படி 5: இரண்டையும் ஒரே பக்கத்தில் கொண்டுவாருங்கள்

ஒரு உதாரணத்தை அருகில் போய்ப் பார்க்கலாம். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது நிறத்தின் ஆழத்தைப் பொறுத்து லிட்டருக்கு 40 முதல் 100 கிராம் வரை உப்பு போடுகிறார்கள். அந்த உப்பு துணியில் தங்காது, முழுக்கக் கழிவுநீருக்கு வந்துவிடும். நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பில் அது நீங்காது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் நல்ல தண்ணீரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் உவர்நீரை ஆவியாக்கித்தான் உப்பை எடுக்க வேண்டும். அந்த ஆவியாக்கும் இடத்தில்தான் நீராவிச் செலவு கழுத்தைப் பிடிக்கிறது.

இதற்கு ஆய்வு உலகம் சொன்ன வழிகளில் ஒன்று, பருத்தியின் மேற்பரப்புக்கு முதலிலேயே நேர்மின் தன்மை ஏற்றிவிடுவது. அப்படிச் செய்தால் உப்பு இல்லாமலே சாயம் ஏறும். இதைப் பற்றிய கட்டுரைகளும் ஆய்வேடுகளும் ஏராளம். அவற்றில் என்ன எண்கள் இருக்கும்? சில கிராம் துணித்துண்டை ஆய்வக பீக்கரில் போட்டு எடுத்த நிற ஆழம், சலவையில் நிறம் நிற்கும் தரம், வெளிச்சத்தில் நிற்கும் தரம். பட்டறைக்காரரிடம் இருப்பது நூற்றுக்கணக்கான கிலோ ஒரே நேரத்தில் போடும் சாஃப்ட்ஃப்ளோ மெஷின். அவர் கேட்பது: கிலோவுக்கு எவ்வளவு ஆகும்? ஷேட் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருமா? மறுபடி சாயம் போட வேண்டிய லாட் கூடுமா, குறையுமா? மெஷினில் எத்தனை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும்?

முதலில் சொன்ன எண்கள் ஆய்வேட்டில் இருக்கின்றன. பின்னால் கேட்டவை பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. உங்கள் கூட்டுத் திட்டம் அந்த இரண்டாவது பட்டியலிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

ஆக, ஒரே பக்கத்தில் நான்கு பத்தி எழுதுங்கள். பட்டறையின் சிக்கல் அவர்கள் வார்த்தையில். அதைப் பற்றி ஏற்கெனவே அளந்தது என்ன, யார் அளந்தார். இன்னும் அளக்காதது என்ன. அதை அளக்க நம்மிடம் உள்ள கருவி, ஆள், நாள். இந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். ஏ4 தாளில் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பவர்பாயிண்ட் தேவையில்லை.

படி 6: தரவு யாருக்குச் சொந்தம் என்று முன்கூட்டியே எழுதுங்கள்

கூட்டுவேலைகள் முறிவது பெரும்பாலும் பணத்தால் அல்ல, இந்த விஷயத்தால்தான். பட்டறைக்காரரின் பயம் நியாயமானது. தன் சாயக் கலவை விகிதம் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுமோ, கழிவுநீர் எண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கைக்குப் போய்விடுமோ என்று நினைப்பார். மாணவரின் பயமும் நியாயமானதே, பல பல்கலைக்கழகங்களில் கட்டுரை வெளியிடாமல் முனைவர் பட்டம் வாங்க முடியாது. இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் தீர்க்கலாம்.

குறைந்தது இவ்வளவாவது எழுதுங்கள். பட்டறை கொடுத்த எண்கள் பட்டறைக்கே சொந்தம், இந்தத் திட்டத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம். திட்டத்தில் புதிதாக அளந்த எண்கள் இருவருக்கும் பொது. கட்டுரையை அனுப்பும் முன் பட்டறைக்குக் காட்ட வேண்டும். அவர்கள் 30 நாளுக்குள் எதையாவது மறைக்கச் சொல்லலாம், ஆனால் வெளியீட்டையே நிறுத்த முடியாது. பட்டறையின் பெயர் அனுமதி இல்லாமல் வராது. சட்டப்படி அரசுக்குச் சொல்ல வேண்டியதை மறைக்க இந்த ஒப்பந்தம் உதவாது என்பதையும் நேர்மையாக எழுதிவிடுங்கள். தொழிலாளர் பற்றிய விவரம் எடுப்பதாக இருந்தால் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து, பெயரும் போன் நம்பரும் சேர்க்காமலே வேலையை அமைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி வேண்டுமென்றால் பிரிட்டனின் லாம்பர்ட் ஒப்பந்த மாதிரிகளைப் படிக்கலாம். 2003-ல் வந்த லாம்பர்ட் அறிக்கைக்குப் பிறகு, கல்லூரியும் கம்பெனியும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சண்டை போட வேண்டாம் என்பதற்காக உருவாக்கியவை. இலவசம். அப்படியே நகல் எடுக்காமல் நம் ஊர் வக்கீலிடம் காட்டிச் சுருக்குங்கள். பட்டறைக்காரர் இருபது பக்கம் படிக்க மாட்டார்.

புதிதாக ஏதாவது கண்டுபிடிப்பு வரும்போல் தெரிந்தால், மாநாட்டில் பேசுவதற்கு முன்பே தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். முழு விண்ணப்பத்துக்கு அதிலிருந்து 12 மாதம் கிடைக்கும்.

படி 7: முதல் வேலை சின்னதாக இருக்கட்டும்

மூன்று மாதம், ஒரு மெஷின், ஒரு முதுகலை மாணவர். தொடங்கும் முன் நான்கு வாரம் எதையும் மாற்றாமல் வெறுமனே அளக்க வேண்டும். கிலோவுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கிராம் உப்பு, எத்தனை யூனிட் மின்சாரம், நூறு லாட்டில் எத்தனை மறுபடி போனது. இந்த அடிப்படை அளவு இல்லாமல் தொடங்கினால் பின்னால் என்ன முன்னேற்றம் வந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். செலவுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட உதவி, மத்திய சிறுதொழில் அமைச்சகத்தின் இன்னோவேட்டிவ் திட்டம் போன்றவற்றைப் பாருங்கள். ஆனாலும் பட்டறையிடமிருந்து ஒரு சிறு தொகையாவது வாங்குங்கள். பணம் போட்டவர்தான் வேலையைக் கவனிப்பார்.

படி 8: ஒரு பட்டறையின் எண்ணை ஊரின் எண்ணாக்குங்கள்

ஒரு பட்டறையில் வெற்றி என்பது ஒரு பட்டறையின் லாபம். வட்டாரப் பொருளாதாரம் அசைய வேண்டுமென்றால் எண்கள் கூட்டாக வேண்டும். இதற்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. 1956-ல் கோவையில் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா, நூற்பாலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் ஆய்வுகளைப் பல்லாண்டுகளாக நடத்திவருகிறது. ஒரு ஸ்பிண்டிலுக்கு (நூற்கும் கதிருக்கு) எவ்வளவு உற்பத்தி, நூறு கிலோ நூலுக்கு எத்தனை ஆள்-மணி நேரம், ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்று ஆலைகள் தங்கள் எண்களைக் கொடுக்கும். தான் மற்றவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறோம் என்று ஒவ்வொரு ஆலையும் தெரிந்துகொள்ளும். போட்டியாளர்கள் இப்படித் தரவைக் கொட்டினார்கள் என்றால் அதற்குக் காரணம் நம்பிக்கை. தங்கள் எண் பெயரோடு வெளியே போகாது, கொடுத்ததைவிட அதிகம் திரும்பிவரும் என்ற இரண்டும் அவர்களுக்குத் தெரியும்.

இதையே சாயப்பட்டறைக்கோ வார்ப்படத்துக்கோ கொண்டுவரலாம். என் யோசனையில் மூன்று விதிகள் போதும். ஐந்து பட்டறைக்குக் குறைவாக இருந்தால் சராசரியை வெளியிடக் கூடாது. ஒரே பெரிய பட்டறை மொத்த எண்ணையும் ஆட்டுவித்தால், ஐந்துக்கு மேல் இருந்தாலும் வெளியிடக் கூடாது. அப்புறம், எண் கொடுத்தவருக்கு இரண்டு வாரத்துக்குள் அவர் இடம் எது என்று திரும்பிப் போக வேண்டும். ஆறு மாதம் கழித்து அச்சிட்ட அறிக்கையாகப் போனால் அடுத்த முறை எண் வராது. இந்த வேலையைச் சங்கமும் கல்லூரியும் சேர்ந்து நடத்துவது நல்லது. சங்கம் தனியே நடத்தினால் போட்டியாளரின் கையில் எண் இருக்கிறதே என்ற சந்தேகம் வரும், கல்லூரி தனியே நடத்தினால் யாரும் நிரப்பிக் கொடுக்க மாட்டார்கள்.

படி 9: ஊருக்கு என்ன கிடைத்தது?

பக்கத்தில் இருப்பதற்கு உண்மையிலேயே பலன் உண்டா என்ற கேள்வியை 1993-ல் ஜாஃபி, டிராக்டன்பெர்க், ஹெண்டர்சன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்கக் காப்புரிமை மேற்கோள்களை வைத்து ஆராய்ந்தார்கள். ஒரு கண்டுபிடிப்பை மேற்கோள் காட்டுபவர்கள் அதே ஊர்ப் பகுதியைச் சேர்ந்தவர்களாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். அறிவு அருகில்தான் முதலில் பரவுகிறது. ஆனால் உங்கள் ஊரில் அது நடந்ததா என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

ரூபாய்க் கணக்கை மட்டும் வைத்து அளக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி விதித்தது. அந்தக் காலத்து ஏற்றுமதித் தொகையை வைத்துத் திருப்பூரில் எந்த ஆய்வுத் திட்டத்தையும் வெற்றி என்றோ தோல்வி என்றோ சொல்ல முடியுமா? நூல் விலை, டாலர் மதிப்பு, ஆர்டர் எல்லாம் உங்கள் திட்டத்தைவிடப் பலமானவை. கிலோவுக்கு எத்தனை கிராம் உப்பு, எத்தனை லிட்டர் தண்ணீர் என்ற அளவுகள் சந்தையோடு இவ்வளவு ஆடாது. புது முறையை எடுத்துக்கொள்ளாத சில பட்டறைகளையும் அதே காலத்தில் அளந்து வையுங்கள். அந்த ஒப்பீடு இருந்தால்தான் மாற்றம் எதனால் வந்தது என்று பேச முடியும்.

கல்லூரிப் பக்கத்தில் என்ன பதிவு செய்வது என்பதற்குப் பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் நிரப்பும் எச்.ஈ.-பி.சி.ஐ. கணக்கெடுப்பு நல்ல வடிவம். ஒப்பந்த ஆராய்ச்சி, ஆலோசனை, கருவி வாடகை, பயிற்சி, அறிவுசார் சொத்து வருமானம் என்று தனித்தனியாகப் பிரிப்பதோடு, சிறு தொழிலிடமிருந்து வந்தது எவ்வளவு, பெரிய கம்பெனியிடமிருந்து வந்தது எவ்வளவு என்றும் கேட்கிறார்கள். அந்தக் கடைசிப் பிரிவினை நமக்கு மிக அவசியம். சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் இடம் எடுத்த கம்பெனிகள் கல்வி நிறுவனத்தோடு செய்யும் கூட்டுவேலைக்குக் கிரெடிட் சேர்த்தாக வேண்டும். ஆராய்ச்சித் திட்டம், மாணவர் பயிற்சி என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. அவ்வளவு பெரிய ஏற்பாடு ஒரு மாவட்டக் கல்லூரிக்குத் தேவையில்லை. எத்தனை பட்டறை இரண்டாவது முறை திரும்பி வந்தது என்று ஒரே ஒரு எண்ணை ஆண்டுதோறும் எழுதிவந்தாலே நிலவரம் தெரிந்துவிடும். நான் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சி அறிக்கையை வாங்கினால் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

மார்ச் முடிந்ததும் பட்டியலைப் புதுப்பியுங்கள். முடிந்த ஆய்வேடுகளைச் சேர்த்து, ஓய்வு பெற்றவர்களின் தொடர்பை மாற்றி, பழுதான கருவியை நீக்கி, புதிய பதிப்பைச் சங்க அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள்.